நஸ்லியாவுக்கு நான் வைத்த பெயர்

சென்னைக்குப் போனால் ஹாஸ்டலில்தான் தங்கப்போகிறேன் என்றதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "முன்னப்பின்ன தெரியாதவங்களோட ஒரே ரூம்ல படுக்கிறதா? நாம என்ன நாதியத்தவங்களா?" என்று கேட்டார். சென்னையைப் பொறுத்தவரை நாங்கள் நாதியற்றவர்கள்தான். தாத்தாவின் அப்பா கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதற்குப் பரதநாட்டிய உடைகளும் சலங்கைகளும் வேண்டியிருந்தன. "யாராவது மெட்ராஸ் போய்த் தைத்து வாங்கி வந்தால் நன்றாக இருக்கும்" என்று தலைமையாசிரியர் சொல்லி வாய் மூடும் முன் நான் கையைத் தூக்கிவிட்டேன். விடுமுறை நவராத்திரியோடு சேர்ந்து வந்தது. ஹோட்டலில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நாலு பேரோடு இருக்கலாமே என்றுதான் ஹாஸ்டலைத் தேர்ந்தெடுத்தேன்.

அடையாறில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் பழைய மாடி வீடு அது. கீழே கூடமும் சமையலறையும். மேலே பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. ரயிலில் இருப்பதுபோல் கட்டிலுக்கு மேல் கட்டில். செருப்பை வாசலில் விட வேண்டும், தட்டை அவரவர் கழுவ வேண்டும், காலையில் முறைவைத்து அறையைப் பெருக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னவர் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் டேவிட் அண்ணன். வருகிறவர்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"இன்னா மலேசியா, ஏசி கீதான்னா கேக்குற? ஃபேன் கீது, ஜன்னல் கீது, கொசுவும் கீது. எது வேணுமோ எட்த்துக்கோ" என்று சாவியைக் கையில் வைத்தார்.

எனக்குக் கிடைத்தது கீழ்க்கட்டில். மேல்கட்டிலில் இருந்தவள் தலையைக் கீழே நீட்டி, "நீங்க தமிழா அக்கா? அல்லாவே, இனி எனக்குப் பயமில்ல" என்றாள். அவள்தான் நஸ்லியா. இலங்கையில் கல்முனைப் பக்கம். சித்திர ஆசிரியைக்குப் படித்து முடித்துவிட்டு, வேலையில் சேருமுன் வாப்பாவிடம் அழுது அடம்பிடித்து முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பியிருந்தாள். எதிர்க்கட்டிலில் குவாஹாட்டியிலிருந்து வந்த ரிமி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

நானும் அன்றுதான் முதன்முதலாகச் சென்னை மண்ணை மிதித்திருந்தேன். ஆனால் அந்த அறையில் ஒரே நாளில் உள்ளூர்க்காரி ஆகிவிட்டேன். ரிமிக்கு ஆட்டோக்காரரிடம் பேசிக் கொடுத்தேன். கோயிலில் எங்கே செருப்பு விடுவது, குங்குமத்தை எந்த விரலால் தொடுவது, வெள்ளிக்கிழமை ஏன் கடையில் பூ அதிகம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். வாத்தியார் புத்தி. எனக்குத் தெரியாதவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

மறுநாள் நஸ்லியாவோடு தி.நகர் போனேன். மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றி விட்டிருந்தார்கள். பேருந்து எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனது. நடத்துநரிடம் கேட்கலாம் என்று நஸ்லியா சொன்னாள். "எனக்குத் தெரியும், பேசாம வா" என்று அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கிய இடம் நந்தனம். ஒரு மைதானத்தில் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சலங்கைக் கடை எங்கே என்று ஒருவனைக் கேட்டேன். "இங்க ஓட்றவங்க சலங்க கட்டிக்கினு ஓட மாட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப்போனான். நஸ்லியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ரங்கநாதன் தெருவில் நாங்கள் நடக்கவில்லை. கூட்டம் எங்களைக் கொண்டுபோனது. கோலாலம்பூரில் தீபாவளிக்கு முந்தின வாரம் கடைத்தெருவுக்குப் போனவர்கள் இதில் பாதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாத்திரக்கடைக்குள் எங்கள் விருப்பமில்லாமலே போய், இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்தோம். "எங்கட ஊர்ல பெருநாளைக்கும் இவ்வளவு சனம் இல்ல அக்கா" என்றாள் நஸ்லியா. அவள் செருப்பின் வார் அறுந்துபோய், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமையாகவும் ரயில் நிலைய மேம்பாலம் ஏறி மேற்கு மாம்பலத்துக்கு இறங்கினோம்.

அங்கே ஒரு சின்ன மெஸ்ஸில் இலைச் சாப்பாடு. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்த இருப்பில் இரண்டாவது தடவை சாதம் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர் வாழையிலைச் சாப்பாட்டில் குழம்பு இனிக்கும், அளவும் தாராளமாக இருக்கும். இங்கே புளிப்பு நாக்கைச் சுண்டியது. சாப்பிட்டு முடித்ததும் இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், தப்பாக மடித்தால் என்ன அர்த்தம் என்று நஸ்லியாவுக்குப் பாடம் எடுத்தேன். பரிமாறியவர் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "எப்டி மட்ச்சாலும் நாங்கதாம்மா எட்த்துப் போடணும்" என்று சொல்லிவிட்டு ரசவாளியோடு போய்விட்டார்.

இப்படி ஊரே எனக்குச் சின்னச் சின்னதாகத் தலையில் குட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

நாட்டிய உடை தைக்கும் கடை மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். கடைக்காரர் ரஹீம் பாய். வீட்டில் உருது, வாடிக்கையாளரிடம் தமிழ். ஜரிகைக் கரையை மடித்து விசிறி வைக்கும்போது அவர் யாரிடமும் பேச மாட்டார். பிள்ளைகளின் அளவுகளைக் கிள்ளானிலிருந்தே அனுப்பியிருந்தேன். உடைகளைப் பார்க்கப் போனபோது அவரிடம் ஓர் அம்மாள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், என் பேத்தி அரங்கேற்றத்துக்கு வெள்ளிக்கிழமை குடுக்கறேன்னு சொன்னேளா இல்லையா? எந்த வெள்ளிக்கிழமைன்னு கேக்க மறந்துட்டேன், அதான் தப்பு!"

"மாமி, நீங்க திட்டினாத்தான் எனக்குக் கை வேகமா ஓடும். இன்னும் ரெண்டு திட்டு திட்டுங்க, நாளைக்கே ரெடி" என்றார் பாய். இருவரும் சிரித்தார்கள். பல வருடப் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அவர்தான் ஜெயா மாமி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மலேசியாவிலிருந்து வந்த தமிழாசிரியை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் "ஆண்ட்டி" என்றதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "ஆண்ட்டி கீண்ட்டியெல்லாம் வேண்டாம், மாமின்னே கூப்பிடு. எங்காத்துல கொலு வெச்சிருக்கு. சாயங்காலம் வந்துடு. ஹாஸ்டல்ல சிநேகிதா யார் இருக்காளோ எல்லாரையும் அழைச்சுண்டு வா" என்று வழியும் சொன்னார்.

எல்லாரையும் என்றுதான் சொன்னார். பாயின் கடையில், பாயின் எதிரில் நின்றுதான் சொன்னார். என் காதில் நன்றாகவே விழுந்தது.

ஹாஸ்டலில் வந்து சொன்னதும் நஸ்லியா மேல்கட்டிலிலிருந்து குதித்தாள். கொலுவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாளாம். பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கப் போகிறவளுக்குப் படிப்படியாகப் பொம்மைகள் என்றால் கேட்க வேண்டுமா? பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டாள். ரிமிக்கு அன்று கடைசிச் சுற்று நேர்முகம். அதனால் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

வடக்கு மாடவீதியில் பொம்மைக்கடைகள் நடைபாதையை நிறைத்திருந்தன. மழை தூறிவிட்டு நின்றிருந்தது. நஸ்லியா ஒவ்வொரு கடையிலும் நின்று, செட்டியார் பொம்மையின் தொந்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே வரும்போது எப்போதும்போல் சால்வையைத் தலைமேல் போட்டிருந்தாள். மாமி வீட்டுத் தெரு நெருங்க நெருங்க என் கண் அந்தச் சால்வைக்கே போனது. பழைய குடும்பம். மடி, ஆசாரம் என்று நான் கேள்விப்பட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கேள்விப்பட்டது எங்கே? கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு டிவி சீரியலில்.

"நஸ்லியா, ஒண்ணு சொல்வேன், தப்பா எடுத்துக்காதே. அங்க உன் பேர் நளினின்னு சொல்லிடலாமா?"

அவள் நின்றாள். "ஏன் அக்கா?"

"சும்மாதான். வயசானவங்க, பழைய காலத்து ஆளுங்க. எதுக்கு வீணா ஒரு சங்கடம்? கொஞ்ச நேரம்தானே."

அவள் பொம்மைக்கடைப் பக்கம் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்குத்தானே இங்கத்த ஆக்களைத் தெரியும். நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுக்ககத்தின் படி ஏறும்போது, ஏதோ கலைந்ததைச் சரிசெய்வதுபோல, என் கையாலேயே அவள் சால்வையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மாமி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கோ வாங்கோ! இது யாரு?"

"நளினி. சிலோன்ல இருந்து வந்திருக்கா." எவ்வளவு சரளமாக வந்தது!

கூடம் முழுக்கக் கொலு. மேல்படியில் மரப்பாச்சிகள், நடுவில் தசாவதாரம், கீழே தரையில் வழக்கமாகப் பூங்கா வைக்கும் இடத்தில் மாமியின் கணவர் மயிலாப்பூர் மெட்ரோ பள்ளத்தையே செய்து வைத்திருந்தார். தடுப்பு, கிரேன், பாதை அடைப்பு, மாட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டோ, எல்லாம் இருந்தன. அட்டைச் சுரங்கத்துக்குள் ஒரு விளையாட்டு ரயில் ஓடியது. "நெஜமா ஓடறதுக்கு முன்னாடி எங்காத்துல ஓடியாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நஸ்லியா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். தேங்காய் மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் தொன்னையில் வந்தது. ஒரு கையால் சுண்டல், ஒரு கையால் படம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சோபாவில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மேல்மாடிக்காரர் என்று மாமி சொன்னார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலேசியான்னா, பூர்வீகம் எது?" என்று கேட்டார். "சேலம் பக்கம்" என்றேன். அதற்கடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று அவசரமாகக் கொலுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் நாங்கள். இந்தக் கூடத்தில் என்னை எந்தப் படியில் வைப்பார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். நஸ்லியாவைக் காப்பாற்றுவதாக நான் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய். நான் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான். வந்த இடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை இவளால் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

கொலு பார்க்க வந்தால் பாட வேண்டும். என்னைக் கேட்டார்கள். பள்ளியில் தினமும் பிள்ளைகளோடு பாடும் கடவுள் வாழ்த்தைத் தொடங்கி இரண்டாவது அடியை மறந்தேன். "பரவாயில்லை, அம்பாளுக்கு முதலடியே போறும்" என்றார் மாமி. பிறகு, "நளினி, நீ பாடேன்" என்றார். நஸ்லியா திரும்பவில்லை. அவள் பெயராக இருந்தால்தானே திரும்புவாள்? மாமி மறுபடி கூப்பிட்டார். நான் முழங்கையால் இடித்தேன். திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "எனக்குப் பாட வராது" என்றவள் அதன்பிறகு படம் வரையவில்லை.

கிளம்பும் நேரம். மாமி தாம்பூலத் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, சின்னக் கண்ணாடி, சீப்பு. முதலில் அந்தப் பெண்மணிக்கு, பிறகு எனக்கு. நாங்கள் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டோம். அடுத்து நஸ்லியா. குங்குமச் சிமிழ் அவள் முன்னால் நீண்டது. அவள் கை நீளவில்லை.

கூச்சப்படுகிறாள் என்று நினைத்த மாமிக்கு அன்பு பொங்கியது. "நெத்தி வெறிச்சுன்னு இருக்கே, கொழந்தே! இரு, நானே வெச்சு விடறேன்" என்று மோதிரவிரலால் குங்குமத்தைத் தொட்டார்.

மதத்தைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. நளினி என்று நான் பெயர் வைத்ததால்தான் குங்குமம் அவள் நெற்றி வரைக்கும் வந்தது. இந்த வழக்கத்தைப் பற்றி முதல் நாள் அறையில் விரல் உட்பட விளக்கியவள் நான். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

நஸ்லியா தலையைப் பின்னால் சாய்த்தாள். சால்வையை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள்.

"மாமி, குறை நினைக்காதீங்க. நான் முஸ்லிம். என்ட பேர் நஸ்லியா."

விளையாட்டு ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது மாற வேண்டும் என்று விரும்பினேன். ஒரு சுளிப்பு, ஒரு தயக்கம், ஏதாவது. மாறினால் நான் செய்தது சரி என்று ஆகிவிடுமே.

மாமி விரலில் இருந்த குங்குமத்தைத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லப்படாதோடி? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெச்சே இருப்பேன். பாவம், எவ்வளவு தவிச்சியோ! ரஹீம் பாய் ஆத்துக்காரி வருஷா வருஷம் வரா. பூவும் பழமும் எடுத்துப்பா, சுண்டலைக் கட்டிக் குடுப்பேன். குங்குமம் நீட்ட மாட்டேன். எனக்குத் தெரியாதா?" என்றவர், "நளினின்னு பேரை மாத்தினது யாரு?" என்றார்.

நஸ்லியா தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான் மாமி" என்றேன்.

"ஏம்மா? நாங்க என்ன பண்ணிடுவோம்னு நெனச்சே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. கையிலிருந்த வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பட்டுப்புடவைக்காரர், "எனக்கு நாழியாறது ஜெயா" என்று எழுந்துவிட்டார். தொன்னையில் சுண்டல் பாதி அப்படியே இருந்தது.

தெருவுக்கு வந்ததும் அந்தப் பாதிச் சுண்டலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "பார்த்தியா? நீ முஸ்லிம்னு சொன்னதும் அந்த அம்மா எழுந்து போயிட்டாங்க. இதுக்காகத்தான் நான் சொன்னேன்."

"அவங்களுக்கு நேரம் போயிருக்கும். இல்லாட்டி என்னைப் பிடிக்காம இருந்திருக்கும். அது அவங்கட விருப்பம்" என்றாள் நஸ்லியா. "அவங்க எழும்பிப் போறதுக்கு முன்னமே நீங்க என்னை எழுப்பி விட்டுட்டீங்களே அக்கா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே பேசினாள். "எங்கட ஊர்ல சண்டைக் காலத்தில உயிருக்குப் பயந்து பேரை மாத்திச் சொன்ன ஆக்கள் இருக்காங்க. என்ட மாமாவும் அப்படித்தான் ஒருக்காத் தப்பினார். நான் சுண்டல் தின்னப் போறதுக்கு மாத்திச் சொல்லிருக்கன். வாப்பாட்ட இதை எப்படிச் சொல்றது?"

அடையாறு பேருந்தில் உட்கார இடம் இருந்தது. இருவரும் நின்றுகொண்டே வந்தோம், ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஹோட்டலாக இருந்திருந்தால் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். ஹாஸ்டலில் சாத்த என்ன கதவு இருக்கிறது? நான் கீழே, அவள் மேலே. அவள் புரண்டால் என் தலைக்கு மேல் பலகை முனகும். அம்மா பயந்தது முன்பின் தெரியாதவர்களை நினைத்து. அந்த அறையில் பயப்பட வேண்டிய ஆள் அவர் பெற்ற பெண்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ரிமி பால்கோவாப் பொட்டலத்தோடு துள்ளிக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். எங்கள் இருவரையும் இழுத்துத் தரையில் உட்காரவைத்தாள். "நீங்கள் இரண்டு பேரும்தான் எனக்கு இந்த ஊரில் முதல் சொந்தம். நீங்கள் ஊட்டிவிட வேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். நஸ்லியா அவளுக்கு ஊட்டினாள். பிறகு ரிமியின் கண் முன்னால் வேறு வழியில்லாமல் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

"என்னா, அசாமுக்கு வேல கெட்ச்சிச்சுன்னு சொன்னாங்க, மலேசியா ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது?" என்று டேவிட் அண்ணன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "இந்த வூட்ல சண்ட போட்டா ஒரே மேசலதான் சாப்டணும், தெரிஞ்சுக்கோ. வேற மேச இல்ல."

அன்று அந்த மேசையில் அம்மாவை நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வருஷா வருஷம் வரும். அவர்களுக்கென்று ஹலால் கோழி வாங்கித் தனிச் சட்டியில் சமைப்பார் அம்மா. ரொஹானா அக்காவை வாசலில் நிறுத்தி அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி எல்லாரிடமும் அறிமுகம் செய்வார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். வகுப்பில் நல்லிணக்கம் என்று பாடம் நடத்துகிறவள் நான். ஒரு குங்குமச் சிமிழ் முன்னால் என் சாயம் வெளுத்துவிட்டது. உலகம் சுற்றினால், பலரோடு தங்கினால் மனம் விரியும் என்பார்கள். தங்கினால் மட்டும் போதாது. கூடத் தங்கியவளை அவள் பெயரோடு இன்னொரு வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கேதான் நான் வழுக்கினேன்.

மேசையைத் துடைக்கும்போது, "என்னை மன்னிச்சிரு நஸ்லியா" என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். "நீங்க அதை எனக்காகச் செஞ்சீங்க எண்டு மட்டும் நினைக்காதீங்க அக்கா" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் நான் எழுந்தபோது மேல்கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பை இருந்ததால் ஊருக்குப் போகவில்லை என்று ஆறுதல். அன்று அறையைப் பெருக்குவது என் முறை. போய்த் துடைப்பத்தை எடுத்தால், அறை ஏற்கனவே பெருக்கியிருந்தது.

மத்தியானம் ரஹீம் பாய் கடையில் உடைகள் தயார். ஒவ்வொன்றாக உதறிக் காட்டி மடித்தார். நேற்று நடந்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே பைகளை வாங்கிக்கொண்டேன். "பிள்ளைங்க நல்லா ஆடணும்மா, துவா செய்யறேன்" என்றார்.

வெளியே வந்து மாதுளையும் கொய்யாவும் வாங்கிக்கொண்டு மாமி வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒப்பித்துப் பார்த்தேன். 'நீங்க ஒண்ணும் பண்ணிட மாட்டீங்க மாமி, நான்தான் பண்ணிட்டேன்' என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

மாமி கதவைத் திறந்ததும் முந்திக்கொண்டார். "அடடா, நீ ஏம்மா அலைஞ்சுண்டு வந்தே? அதான் நஸ்லியா காலம்பறவே வந்துட்டுப் போயிட்டாளே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோபாவில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு மாமி சொன்னார். நஸ்லியா தனியாக வந்தாளாம். பாதியில் விட்ட படத்தை முடிக்க வேண்டும் என்று கேட்டாளாம். கொலுவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெட்ரோ பள்ளம் வரைக்கும் வரைந்து கொடுத்தாளாம். மாமியின் கணவர் அதற்குச் சட்டம் போட இப்போதுதான் கிளம்பிப் போயிருக்கிறாராம்.

"நீ எங்கேன்னு கேட்டேன். உனக்கு நேத்தி ராத்திரிலேர்ந்து ஜுரமாம், எழுந்திருக்கவே முடியலையாம். 'அக்காவுக்கு ரொம்பக் கவலை மாமி, வந்து மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்கறாங்க, முடியாததால என்னை அனுப்பினாங்க'ன்னா. அவ சொல்லச் சொல்ல எனக்கே கண்ணுல ஜலம் வந்துடுத்து. நல்ல மனசும்மா உங்க ரெண்டு பேருக்கும்."

நான் அனுப்பவில்லை. நான் துடிக்கவும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் இரண்டு வார்த்தை சரியாகப் பேசாதவள், எனக்கு மரியாதை வேண்டுமே என்று எனக்காக இங்கே வந்து பொய் சொல்லியிருக்கிறாள். காய்ச்சலே இல்லை என்று நான் இப்போது வாயைத் திறந்தால் நஸ்லியா பொய்க்காரி ஆவாள். திறக்காவிட்டால் எனக்குச் சேராத நல்ல பெயரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒப்பித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"இப்போ எப்படி இருக்கு? ஜுரம் விட்டுடுத்தா?" என்று கேட்டார் மாமி.

"விட்டுடுச்சு மாமி" என்றேன்.

மாமி பக்கத்தில் வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"எங்க விட்டுது? கொதிக்கறதேம்மா!"